பூட்டிக் கிடந்த செத்த காலேஜ்

“கண் சரியாயிடுத்தா ஓய்?” என்று கேட்டார் சூப்பரின்டெண்டு நாராயணஸ்வாமி ஐயர்.

“பேஷா ஆயிடுத்து சார்” என்றான் வைத்யநாதன்.

மைசூர் சமஸ்தானத்துக் கச்சேரி ஒன்றில் அவன் தற்காலிக குமாஸ்தா. மதராஸில் கண் வைத்தியம் என்று எழுதிக் கொடுத்துப் பத்து நாள் லீவு எடுத்திருந்தான். பத்து நாளும் குண்டலுபேட்டையில் மாமனார் வீட்டில் பலாப்பழம் தின்றுகொண்டிருந்தான். கண்ணுக்கு ஒன்றுமில்லை, வயிறுதான் சற்று சரியில்லை.

“அப்போ ஊரையும் நன்னாப் பார்த்திருப்பீர். என் ஆத்துக்காரி மெட்ராஸ் பார்க்கணும்னு ஒத்தைக் கால்லே நிக்கறா. அங்கே என்ன பார்க்கலாம், என்ன செய்யலாம்னு மத்தியானத்துக்குள்ளே எழுதிக் கொடும். நான் பார்த்து நாலு வருஷமாச்சு.”

“ஆகட்டும் சார்” என்றான் வைத்யநாதன். அவன் வேலையை நிரந்தரமாக்கும் உத்தரவு அந்த மேஜையில்தான் கையெழுத்துக்குக் காத்திருந்தது. ஐயரோ வாயைத் திறந்தாலே “நான் மெட்ராஸ் போயிருந்தப்போ” என்று ஆரம்பிப்பவர். ஒரு இடம் தப்பினாலும் குட்டு உடையும், வேலையும் போகும். அவன் சமுத்திரத்தைக் காலண்டரில் பார்த்ததோடு சரி.

நேரே சேவகன் பழனிமுத்துவிடம் ஓடினான். பழனிமுத்து கொள்ளேகாலத்துக்காரன், தெரியாது என்ற வார்த்தையே அவனுக்குத் தெரியாது.

“மெட்ராஸைப் பத்தி ஏதாவது தெரியுமோ?”

“அத்தனையும் அத்துப்படிங் சாமி. எழுதிக்கோங்க. ஐகோர்ட்டு உச்சியில கலங்கரை விளக்கு. வெயிலு நல்லா அடிச்சா, கடலுக்கு அக்கரையில இலங்கை தெரியுமுங். அலையில காலை நனைச்சாப் பித்தம் போயிருமுங். அப்பறம் செத்த காலேஜு, உயிர் காலேஜுன்னு ரெண்டு இருக்குதுங்.”

“அதென்ன?”

“செத்த காலேஜுன்னா மூடிப்போட்டாங்கன்னு அர்த்தமுங். கதவுல ஆனைத் தலையாட்டம் ஒரு பூட்டு. உயிர் காலேஜுல இன்னும் பாடம் நடக்குதுங். ரோட்டுல போனாலே சத்தங் கேக்கும்.”

மதராஸ்வாசிகள் செத்த காலேஜ் என்பது, பாடம் பண்ணிய மிருகங்களை வைத்திருக்கும் மியூசியத்தை. மிருகங்கள் உயிரோடு கூண்டில் இருக்கும் இடம் உயிர் காலேஜ். பாவம், வைத்யநாதனுக்கு இதை யார் சொல்வார்கள்? ‘உயிர் காலேஜில் ஒழுக்கம் போதாது, வாத்தியார்கள் கண்டிப்பதில்லை’ என்று சொந்தமாகவும் ஒரு வரி சேர்த்துக்கொண்டான்.

தாளைப் படிக்கப் படிக்க ஐயரின் முகம் மலர்ந்தது.

“இலங்கை தெரியறது… பூட்டு… ஹௌது, ஹௌது, வாஸ்தவம்! கண்ணாலே பார்த்தவன்தான் இப்படி எழுத முடியும்!” பேனாவை எடுத்து உத்தரவின்மேல் கொண்டுபோனவர், சட்டென்று நிறுத்தினார். “ஒண்ணு செய்யும். எனக்கு தசரா வேலை தலைக்கு மேலே கிடக்கு. ஆத்துக்காரியையும் மாமியாரையும் நீரே அழைச்சிண்டு போய் எல்லாத்தையும் காமிச்சுட்டு வாரும். வந்ததும் கையெழுத்து.”

வைத்யநாதன் கண்ணைக் கசக்கிக்கொண்டான். “சார், கண் மறுபடியும் வலிக்கிறது.”

“நல்லதாப் போச்சு! அதே டாக்டர்கிட்டே காமிச்சுக்கும். என் மாமியாருக்கும் கண்ணிலே புரை. கையோட அவரையும் காமிச்சுடும்.”

மறுநாள் சாயங்காலம் ரயிலடி. வண்டிக்குள் ஐயரின் மனைவி கனகலக்ஷ்மி, தாளைத் தாயாருக்கு உரக்கப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். “எறங்கினதும் அந்தப் பூட்டைத்தாம்மா மொதல்லே பார்க்கணும். உன் மாப்பிள்ளை நாலு வருஷமா அதைப் பத்தியே சொல்லிண்டிருக்கார்.”

பெட்டி தூக்கி வந்த பழனிமுத்துவை வைத்யநாதன் ஓரமாக இழுத்தான். அவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

“நீயும் வந்துடுப்பா. டிக்கெட் நான் எடுக்கறேன். நான் மெட்ராஸுக்குப் போனதே இல்லே. ஊரைப் பார்த்தவன் நீதான்.”

“நானெங்கீங் சாமி பார்த்தேன்? அம்புட்டும் சூப்பரண்டு ஐயா வாயால கேட்டதுதானுங்.”

கார்டு பச்சைக் கொடியை அசைத்தார். வைத்யநாதனின் முகத்தில் கொஞ்சம் உயிர் வந்தது. “அப்போ சரியாத்தான் இருக்கும். அவர் நேரிலே பார்த்தவர்.”

பழனிமுத்து அவனை வண்டியில் ஏற்றிவிட்டு, ஜன்னலோரம் வந்து குரலைத் தாழ்த்தினான்.

“அவரும் மெட்ராஸுன்னு லீவு எழுதிப்போட்டு, எங்க கொள்ளேகாலத்துச் சத்திரத்துலதானுங்க பத்து நாளும் சீட்டாடினாரு!”