புங்கமர நிழலில் தொகுதிக் கணக்கு

தொகுதிக் கவலையர் என்று ஓர் இனம் உண்டு. பார்த்ததில்லையா? காலையில் ஏதாவது ஒரு டீக்கடைக்குப் போங்கள். பெஞ்சில் நிழல் விழும் முனையாகப் பார்த்து உட்கார்ந்திருப்பார். எங்கள் அதியமான்கோட்டையில் அவருக்கு ஜெயபால் என்று பெயர், ஹார்டுவேர்ஸ் கடை வைத்திருக்கிறார். உங்கள் ஊரில் வேறு பெயரில் இருப்பார்.

டீ வருவதற்குள் அவருக்கு நாடாளுமன்றம் நினைவுக்கு வந்துவிடும். ஜனத்தொகையைப் பார்த்துத் தொகுதியைப் பங்கு போட்டால் நம் கதி என்ன ஆவது என்று ஆரம்பித்து, அரசாங்கம் சொன்னபடி பிள்ளைகளை அளவோடு பெற்றது யார், அதனால் நாடு முழுவதற்கும் கிடைத்த லாபம் எவ்வளவு, லாபத்தை வாங்கிப் போட்டுக்கொண்டவர்கள் இன்று நம் நாற்காலியையும் கேட்பது எந்த ஊர் நியாயம் என்று வளர்த்து, தம்ளரை டொக்கென்று வைத்துவிட்டு, "நல்லது செஞ்சவனுக்குத் தண்டனைங்களா?" என்று முடிப்பார். கேள்வியில் குற்றமில்லை. ஆனால் ஜெயபாலுக்கு நான்கு பெண்கள், அதற்குப் பிறகு ஒரு பையன். அளவோடு பெற்றது ஊரார். பெருமையில் மட்டும் அவருக்கும் ஒரு பங்கு.

ஒருவர் செய்த நல்லது கேட்காமலே அடுத்தவருக்கும் போய்ச் சேர்ந்தால் அதைப் பொருளாதாரத்தில் நேர்மறைப் புறவிளைவு என்பார்கள். ஜெயபால் பேசுவதே அப்படி ஒன்றின் அடியில் உட்கார்ந்துதான். டீக்கடைக்கும் அவர் கடைக்கும் நடுவில் லூர்துமேரியின் வீடு. வாசலில் புங்கமரம். தண்ணீர் லாரிக்குக் காத்துக் கிடந்த கோடைகளிலும் குடத்தில் பாதியை ஊற்றி அவர் வளர்த்தது. உள்ளே அவர் தையல் மெஷின் போட்டிருக்கும் அறைக்குக் குளிர்ச்சி. வெளியே மாதேஷின் டீக்கடைக்கு நிழல். ஜெயபாலின் புதுக் காருக்கு இலவச ஷெட்.

கார் வந்த பிறகுதான் கவலையருக்கு மரம் கண்ணில் பட்டது. பூ கொட்டுகிறதாம், காக்கை எச்சமிடுகிறதாம். "உங்க மரம், உங்க குப்பை. நீங்கதாங்க கூட்டோணும்" என்றார். லூர்துமேரி தினமும் கூட்டினார். கிளை கழிக்க ஒரு கை கொடுங்கள் என்று கேட்டபோது, "என் மரமாங்க அது?" என்றார். அதோடு விட்டாரா? மரத்தால் தொந்தரவு என்று பஞ்சாயத்தில் மனுவும் கொடுத்தார். கொடுத்த கையோடு வந்து, அதே நிழலில் உட்கார்ந்து, நல்லது செய்தவனுக்குத் தண்டனையா என்று கேட்டார்.

லூர்துமேரி விளக்குமாறோடு நின்று முழுவதையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

"நெழலு எல்லாருதும். எல மட்டும் என்னுதுங்களா?"

ஜெயபால் பேப்பரை விரித்துக்கொண்டார். அந்த வாரமே லூர்துமேரி ஆள் வைத்து மரத்தை வெட்டிவிட்டார். வெட்டி முடிக்கும்வரை உள்ளே தையல் மெஷினை மிதித்துக்கொண்டே இருந்தார். ஊசிக்கு அடியில் துணி எதுவும் இல்லை.

மறுநாள் பெஞ்சின் இரண்டு முனைக்கும் வெயில் சரிசமமாகக் கிடைத்தது. ஜெயபால் கார் கதவைத் தொட்டுவிட்டுக் கையை உதறினார். இனியாவது உறைத்திருக்கும் என்கிறீர்களா? இந்த இனம் உங்களுக்கு இன்னும் பிடிபடவில்லை.

"எல்லாருக்கும் ஒதவுற மரங்க. அந்தம்மா இஷ்டத்துக்கு வெட்டிப்புடலாமா?" என்றார்.

மாதேஷ் டீ ஆற்றிக்கொண்டே, "நீங்கதானுங்களே மனு குடுத்தீங்க" என்றார்.

"தொந்தரவுன்னுதானப்பா எழுதுனேன். வெட்டச் சொன்னனா?"

வெட்டியதற்கும் இப்போது ஒரு மனு எழுதப்போகிறாராம். கார் அடுத்த தெருவில் ஒரு வேப்பமரத்தடியில் நிற்கிறது. அந்த வீட்டுக்காரர் யாரென்று அவருக்குத் தெரியாது.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். உங்கள் வண்டி நிற்கும் நிழல் யாருடையது? விடிந்ததும் அந்த வாசலில் விளக்குமாறு சத்தம் கேட்கிறதே, அப்போது தூக்கம் கெடுகிறது என்று ஜன்னலைச் சாத்துகிறவர் யார்?