எங்கள் வாசலிலிருந்து பிடுங்கிய பலகை

மதிப்புக்குரிய பத்திரிகை ஆசிரியர் லோவல் ஐயா அவர்களுக்கு,

மேற்குச் சாலை வளைவு வீட்டு ஆர்டிஸ் எழுதுவது. நீங்களும் வீட்டம்மாவும் சுகமென நம்புகிறேன். என் வீட்டுக்காரர் ஓரின் இறந்த சேதியை நல்ல படத்தோடு போட்டதற்கு நன்றி. நான் அதிகம் படிக்காதவள். பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள்.

விஷயம், எங்கள் வாசலில் சாலையோரம் நின்ற இரும்புப் பலகை. மேற்கே குடியேறப் போன மாட்டுவண்டிக் கூட்டம் இங்கே ஓர் இரவு தங்கியது என்று அதில் எழுதியிருக்கும். கார் நின்றால் போதும், ஓரின் சாப்பாட்டை விட்டு எழுந்து ஓடுவார். ஓர் இரவில்லை, மூன்று இரவு, சக்கரம் உடைந்துபோச்சு, சரிசெய்தது என் கொள்ளுத்தாத்தா என்று அளப்பார். அப்புறம் அவர்களை உள்ளே கூட்டிவந்து காபிக்கு உட்காரவைத்துவிடுவார். "உங்க கொள்ளுத்தாத்தா சக்கரத்த சரிபண்ணிக்கிட்டே இருக்காரு, எனக்குத்தான் அடுப்பு அணைய மாட்டேங்குது" என்று திட்டுவேன்.

போன மாதம் மாவட்ட வரலாற்றுக் குழு, வண்டிகள் தங்கியது இங்கே இல்லை, இரண்டு மைல் தள்ளி ஓடைக்கரையில் என்று கண்டுபிடித்து, பலகையை அங்கே நடுவதற்காகப் பிடுங்க வந்தது. குழுத் தலைவர் கென்ட் என் காபியைக் குடித்துக்கொண்டே, "வரலாறு சரியான இடத்துல இருக்கணும்ல, ஆர்டிஸ்?" என்றார்.

"ஓரினும்தான் இருக்க வேண்டிய இடத்துல இல்ல. அதை எந்தக் குழு வந்து சரிபண்ணும்?" என்றேன். காபியை மிச்சம் வைத்துவிட்டுப் பலகையோடு போய்விட்டார்.

அதற்கப்புறம் ஒரு காரும் நிற்கவில்லை. பொறுக்காமல் நானே அந்தக் குழியில் மரப்பலகை நட்டு, 'இங்கே ஒன்றும் நடக்கவில்லை' என்று பெயின்டில் எழுதினேன். வீடு விற்பனைக்கு என்று நினைத்து ஒருவர் வந்து கூரையைக் குறை சொன்னார். 'விற்பனைக்கு இல்லை' என்று கீழே சேர்த்தேன். மறுநாள் அவரே வந்து விலையை ஏற்றிக் கேட்டார். சர்ச் பெண்கள் எனக்குப் புத்தி கலங்கிவிட்டதென்று, துக்கவீட்டுக்குக் கொண்டுவருவதுபோல மறுபடியும் தட்டுத் தட்டாக உருளைக்கிழங்கு வேகவைத்துக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்கள். கூட உட்கார்ந்து சாப்பிட ஆள் வேண்டாமா?

ஆகவே பலகையைத் திரும்ப நடச் சொல்லி நீங்கள் எழுத வேண்டும். தப்பான இடம்தான். ஆனால் வாசலில் யாராவது நின்றால், ஓரின் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்திருக்கிற சத்தம் எனக்குக் கேட்கும்.

கடவுள் உங்களையும் உங்கள் அச்சு இயந்திரத்தையும் காப்பாராக.

இப்படிக்கு,
ஆர்டிஸ்

பி.கு.: இதைப் போட வேண்டாம். ஓடைக்கரையில் நிறுத்த இடமில்லாமல் கார்கள் சேற்றில் மாட்டிக்கொள்கின்றனவாம். சற்றுமுன் கென்ட் வந்து, என் மரப்பலகையை எடுத்துப்போட்டுவிட்டு, இரும்புப் பலகையைப் பழைய குழியிலேயே சிமென்ட் போட்டு நட்டுவிட்டுப் போனார். அவசரத்தில் எழுத்துப் பக்கத்தை என் வீட்டைப் பார்க்கத் திருப்பிவிட்டார். சாலையிலிருந்து ஓர் எழுத்தும் தெரியாது. படிக்க வேண்டுமானால் யாராயிருந்தாலும் இறங்கி என் வாசலுக்குள் வந்தாக வேண்டும். கென்டிடம் நான் சொல்லவில்லை. நீங்களும் சொல்லாதீர்கள்.