சீந்திலுக்குப் பொறுப்பு மாப்பிள்ளை

"பழைய கயிறுன்னு நினைச்சுட்டேன் முதலாளி" என்றார் தச்சர். ரம்பம் இன்னும் அவர் கையில்தான் இருந்தது.

ஸ்டூல்மேல் நின்று கடைப் போர்டுக்கு அளவு எடுத்துக்கொண்டிருந்த திரைக்கடைக்காரர் கீழே பார்த்தார். முன்னறைக் கதவை ஒட்டி மண்ணிலிருந்து கிளம்பி, சுவரேறி, ஜன்னல் கம்பியைப் பிடித்து மாடிவரைக்கும் போயிருந்த சீந்தில் கொடி இப்போது மண்ணிலிருந்து கிளம்பவில்லை. முழங்கால் உயரத்தில் ஒரு சாண் காணாமல் போயிருந்தது. காணாமல் போன சாண் தச்சரின் காலடியில் கிடந்தது.

பார்க்கக் கயிறு மாதிரிதான் இருக்கும். விரல் தடிமன், உடம்பெல்லாம் முண்டு முடிச்சு, காகிதம் மாதிரி உரியும் தோல். ஆனால் எந்தக் கயிறும் மேலே போய் இலை விடுவதில்லை. அதை ஒருதரம் அண்ணாந்து பார்த்திருக்கலாம்.

"போர்டு மாட்ட ரம்பம் எதுக்குண்ணே?" என்று கேட்டார் திரைக்கடைக்காரர்.

"எதுக்கும் இருக்கட்டும்னு கொண்டாந்தேன்."

திரைக்கடைக்காரர் ஸ்டூலிலிருந்து இறங்காமல் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

வீடு மாமனாருடையது. கொடியும் அவருடையது. தினமும் காலையில் அதில் ஒரு துண்டு நறுக்கி, நசுக்கி, கொதிக்க வைத்த கஷாயத்தை ஒரு டம்ளர் குடிப்பார். குடிக்கும்போது கண்ணை மூடிக்கொள்வார். முகத்தில் ஞானிகளுக்கு வரும் ஒரு களை வரும். இளைய மகள், அதாவது திரைக்கடைக்காரரின் மனைவி, பக்கத்திலேயே நின்று, கடைசிச் சொட்டு இறங்கியதைப் பார்த்துவிட்டுத்தான் டம்ளரைத் திரும்ப வாங்குவாள். அப்பாவுக்குச் சர்க்கரை ஏறாமல் இருப்பது இதனால்தான் என்று அவள் சொல்ல, இதுக்கு ஈடு உலகத்தில் ஏது என்று அவர் ஒத்து ஊதுவார். குடும்பத்தில் இந்தப் பேச்சைத் தொடங்கி வைத்தவரே அவர்தான். எடைமேடையில் லாரிகளை எடைபோட்டு ஓய்வு பெற்ற மனிதர். ஒருதரம் சொன்ன எடையை மாற்றிச் சொல்லும் பழக்கம் அவர் பரம்பரையிலேயே கிடையாது.

கண் ஆபரேஷனுக்காக மூத்த மகள் வீட்டுக்குக் கிளம்பிய அன்று, வாசலில் நின்று, இளைய மகள் காதில் நன்றாக விழும்படி அவர் சொன்னது இதுதான்: "மாப்பிள்ளை, கொடி உங்க பொறுப்பு. நான் திரும்பி வந்து, அதைப் பார்த்துட்டுத்தான் முன்னறைச் சாவியைப் பத்திப் பேசுவேன்."

அந்தச் சாவிதான் விஷயம். திரைக்கடைக்காரரின் ஜன்னல் திரைத்துணிக் கடை இருந்த கட்டடம் கைமாறிவிட்டது. மழைக்காலம் முடிவதற்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். தெருவைப் பார்த்த முன்னறை கிடைத்தால் கடை. கிடைக்காவிட்டால் அத்தனை துணிச் சுருளும் படுக்கையறைக்கு வரும், அவர் மொட்டைமாடிக்குப் போவார். சாவி கைக்கு வருமுன்பே போர்டு மாட்ட ஆள் கூப்பிட்டது அவசரம்தான். ஆனால் அந்தத் தச்சரைச் சிபாரிசு செய்ததே மாமனார். போர்டு, அலமாரி எது வேண்டுமானாலும் இவரிடம் சொல்லுங்கள், சொன்னதைச் செய்கிற ஆள் என்று பெட்டி கட்டும்போதே நம்பர் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்.

முதல் காரியமாக அறுந்த துண்டைப் பழைய இடத்திலேயே பொருத்தி, மேல் வெட்டையும் கீழ் வெட்டையும் கடையில் மிச்சமிருந்த தங்கநிறக் கயிற்றால் சுற்றிக் கட்டினார். திரையை ஒதுக்கிக் கட்டும் கயிறு அது. நுனியில் குஞ்சம் இருந்தது. வெட்டி எறிய மனசு வரவில்லை, நல்ல சரக்கு.

மனைவி கேட்டாள். எறும்பு ஏறாமல் இருக்க என்றார்.

"சரி, குஞ்சம் எதுக்கு?"

"ஏறணும்னு வர்ற எறும்பு அதைப் பார்த்து நின்னுடும்."

அவள் அவரை ஒரு பார்வை பார்த்தாள். சாயம் போகாது என்று சத்தியம் செய்யும் வியாபாரியை வாடிக்கையாளர் பார்க்கிற பார்வை. பிறகு உள்ளே போய்விட்டாள்.

மூன்றாம் நாளே இலைகள் பழுக்கத் தொடங்கின. திரைக்கடைக்காரர் நாட்டு மருந்துக் கடைக்கு ஓடினார். கடைக்காரர் முழுவதையும் கேட்டுவிட்டு, கொட்டாவி விட்டுக்கொண்டே, ஒன்றும் செய்ய வேண்டாம் என்றார். சீந்திலை வெட்டினாலும் சாகாதாம். தொங்குகிற கொடி காற்றில் இருக்கிற ஈரத்தைக் குடித்துக்கொண்டு, மேலேயிருந்து நூல் மாதிரி வேரை இறக்கி மண்ணைத் தேடிக்கொள்ளுமாம். பேசாமல் வீட்டுக்குப் போய் வேறு வேலை இருந்தால் பார்க்கச் சொன்னார்.

திரைக்கடைக்காரர் நம்பவில்லை. எதையும் விற்காமல் ஒருவர் யோசனை சொல்கிறார் என்றால் அந்த யோசனையில் ஏதோ பழுது இருக்கிறது. இருபது வருஷம் திரைத்துணி விற்றவருக்கு இதுகூடத் தெரியாதா?

அன்று மாலை மாமனார் போன் செய்தார். தன் கண்ணைப் பற்றி ஒரு வார்த்தை, பேரப்பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"கொடி எப்படி இருக்கு மாப்பிள்ளை?"

"பச்சைப் பசேல்னு இருக்கு மாமா."

"பச்சையாவா?"

"பசேல்னு."

"ஒண்ணு ரெண்டு இலையாவது பழுத்திருக்குமே."

"ஒண்ணுகூட இல்ல மாமா. நீங்க நிம்மதியா இருங்க."

எதிர்முனையில் பெருமூச்சு கேட்டது. துணியில் எங்கே ஓட்டை என்று தேடித்தேடிக் கேட்கிறவன் விலையை அடித்துக் குறைக்கப் போகிறான் என்று அர்த்தம். யாரோ காதில் போட்டிருக்கிறார்கள். கிழவர் ஆழம் பார்க்கிறார்.

மறுநாள் தச்சர் வந்தார். கூப்பிடாமலே வந்தார். கொடியின் நலத்தை விசாரித்தார்.

"வாடிடுச்சா முதலாளி?"

"பாதி போச்சுண்ணே."

"பாதிதானா?" தச்சருக்கு முகம் சுருங்கியது. தன்னால் நேர்ந்த கெடுதல் மனிதரை எப்படி வாட்டுகிறது என்று திரைக்கடைக்காரர் நெகிழ்ந்துபோனார். தச்சர் ஒரு வைத்தியமும் சொன்னார். அடிக்கட்டையில் கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்ற வேண்டும். சூட்டுக்கு வேர் முழித்துக்கொள்ளும். கூடவே ஒரு பிடி உப்பும் போட்டால் நல்லது.

திரைக்கடைக்காரர் மனைவி கடைத்தெருவுக்குப் போன நேரம் பார்த்து ஒரு பாத்திரம் வெந்நீர் ஊற்றினார். உப்பு எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை, அதனால் போடவில்லை. ஊற்றிய பிறகுதான், குளிக்கும் வெந்நீரே தன்னை எழுப்புவதில்லையே, வேரை எப்படி எழுப்பும் என்ற சந்தேகம் வந்தது. அடிக்கட்டை கருத்துப்போனது. அதைப் பார்த்து அவரும் கருத்துப்போனார்.

மறுபடி மருந்துக் கடை. இந்தத் தடவை யோசனை வேண்டாம், சரக்கு வேண்டும் என்று கேட்டார். கடைக்காரர் பச்சைச் சீந்தில் துண்டுகளை ஒரு பெரிய கட்டாகக் கட்டித் தந்தார். விலையைக் கேட்டதும் திரைக்கடைக்காரருக்கு நம்பிக்கை பிறந்தது. பேரம் பேசிக் குறைத்தார். நம்பிக்கை கொஞ்சம் குறைந்தது. கடைசியில் பாதி வழியில் இருவரும் ஒத்துக்கொண்டார்கள்.

ஒரு இடத்தில் போட்டு நஷ்டப்படக் கூடாது, பிரித்துப் போட வேண்டும் என்பது வியாபாரத்தில் அவர் கற்றது. பெயின்ட் வாளியில் இரண்டு, உடைந்த தொட்டியில் இரண்டு, ஓட்டை பக்கெட்டில் ஒன்று, முன்னறைக் கதவின் இரண்டு பக்கமும் வரிசையாக மிச்சம். ஏதாவது ஒன்று பிழைத்தால் அதை இழுத்து மேலே கட்டிவிடலாம், மாமனார் ஆபரேஷன் ஆன கண்ணோடு ஒட்டுப்போட்டதைக் கண்டுபிடிக்கவா போகிறார்?

ஆனால் வாளிகளை மனைவி கண்டுபிடித்துவிட்டாள். வேறு வழியில்லாமல், உங்கப்பா வரும்போது ஆச்சரியப்படட்டும் என்றுதான் என்று சொல்லிவிட்டார். அவள் கண் கலங்கிவிட்டது. கல்யாணத்துக்குப் பிறகு அவர் தானாக எதற்கும் மண்ணைத் தொட்டதில்லை. உடனே அப்பாவுக்குப் போன் போட்டாள்.

"அப்பா, ஒரு கொடி போதாதுன்னு உங்க மாப்பிள்ளை வாசல் முழுக்க வச்சிருக்கார். உங்களுக்காகவே."

எத்தனை என்று அவர் இரண்டு தடவை கேட்டார். பிறகு, கண்ணுக்கு மருந்து விட்டிருக்கிறது, அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டார். "அப்பா அழுதுட்டார் போல" என்றாள் அவள்.

தச்சரும் வந்து பார்த்தார். ஒவ்வொரு வாளியாகப் பார்த்துக்கொண்டே போனவர், கடைசி வாளிக்கு அப்புறம் படியில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார்.

மழை பிடித்துக்கொண்டது. கடைத்தெரு மூழ்குகிற மழை. ஒரு காலை, மாடிக் கம்பியிலிருந்து மெல்லிய நூல்கள் தொங்குவதைத் திரைக்கடைக்காரர் கண்டார். திரைத்துணியின் பிரிந்த இழை என்று நினைத்து ஒன்றை அறுத்தார். உள்ளே ஈரமாக இருந்தது. மேலே அநாதையாகத் தொங்கிக்கொண்டிருந்த கொடி, மருந்துக் கடைக்காரர் இலவசமாகச் சொன்னபடியே, வேரை இறக்கிக்கொண்டிருந்தது. இலவசத்தின் மேல் அவருக்கு முதல்முறையாக மரியாதை வந்தது. வந்து என்ன பயன்?

நூல்கள் மண்ணைத் தொட்டன. வெந்நீர் குடித்த அடிக்கட்டை புண்பட்டதைக் காட்டிக்கொள்ளாமல் பக்கத்தில் இரண்டு தளிர் விட்டது. கயிற்றில் கட்டிய சாண்துண்டு குஞ்சத்தோடு சேர்ந்து துளிர்த்தது. எல்லா வாளியும் பிழைத்தன. ஒரே ஒரு வாளியாவது நஷ்டமாகும் என்ற அவருடைய கணக்கைச் சீந்தில் மதிக்கவே இல்லை. கொடிகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு முன்னறைக் கதவின் மேல் ஏறின, தாழ்ப்பாளைச் சுற்றின, காற்றுப் போகிற ஓட்டை வழியாக அறைக்குள்ளும் போய்க் குடியேறின. அவர் வாடகை பேசுவதற்கு முன்பே.

இதற்கு நடுவில் மனைவிக்கு ஒரு யோசனை தோன்றியது. இவ்வளவு இருக்கிறதே, வீணாகப் போகலாமா? மறுநாளிலிருந்து திரைக்கடைக்காரருக்கும் ஒரு டம்ளர். அவள் பக்கத்திலேயே நின்றாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார். முகத்தில் ஞானிகளின் களை தானாக வந்தது. மதியம்வரை எதைத் தின்றாலும் கஷாயத்தின் கசப்பாகவே இருந்தது. இதை ஒரு மனிதர் இத்தனை வருஷம் பாராட்டிப் பாராட்டிக் குடித்திருக்கிறாரே என்று மாமனார்மேல் பயம் கலந்த பக்தி பிறந்தது.

கடையும் காலியானது. துணிச் சுருள்கள் கூடத்துக்கு வந்துவிட்டன. சாப்பிட உட்கார்ந்தால் ஒருபுறம் பூப்போட்ட சுருள் இடித்தது, மறுபுறம் கோடு போட்ட சுருள். போகட்டும், மாமனார் வருகிறார், சாவி வந்துவிடும் என்று அவர் தேற்றிக்கொண்டார். கொடி இவ்வளவு செழிப்பாக இருக்கும்போது மறுக்க அவருக்கு வாய் ஏது?

டாக்சி வந்து நின்றது. கறுப்புக் கண்ணாடியோடு மாமனார் இறங்கினார். அலமாரிக்கு அளவெடுக்க வந்திருந்த தச்சர் ஓரமாக நின்றார். மாமனார் வாசலைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். மறுபடி மாட்டிக்கொண்டார்.

"புதுக் கண்ணு நல்லாத் தெரியுதாப்பா?" என்று கேட்டாள் மகள்.

"நல்லாவே தெரியுதும்மா" என்றார் அவர். பிறகு தச்சரை ஒரு பார்வை பார்த்தார். தச்சர் தரையைப் பார்த்தார்.

திரைக்கடைக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு, அன்றைக்குச் சாவி விஷயம் என்று தொடங்கினார். மாமனார் சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்தார். திரைக்கடைக்காரர் கையை நீட்டியேவிட்டார். சாவி காற்றில் ஒரு கணம் நின்றுவிட்டு, மறுபடி பைக்குள் போனது.

"கதவு மேலேயே படர்ந்திருக்கே மாப்பிள்ளை. திறக்கணும்னா வெட்டணுமே."

"வெட்டறதா?" என்றாள் மகள். "உங்களுக்காக அவர் கையால வளர்த்ததுப்பா. ஒரு இலையைத் தொடக்கூடாது. இனிமே காலையில மட்டும் இல்ல, ராத்திரிக்கும் ஒரு டம்ளர் குடிக்கலாம்."

மாமனார் உள்ளே நடந்தார். நடக்கிற மாதிரி இல்லை, எடைமேடையில் அதிக பாரம் ஏற்றிய லாரி நகர்கிற மாதிரி இருந்தது. பூப்போட்ட சுருளில் இடித்துக்கொண்டார். மகள் பின்னாலேயே போனாள். அடுப்படியில் பாத்திரம் வைக்கிற சத்தம் கேட்டது.

வாசலில் திரைக்கடைக்காரர் திகைத்துப்போய் நின்றார். என்ன குறை வைத்தேன், ஒரு இலை வாடவிட்டேனா, ஏன் இந்த மனுஷன் இப்படிச் செய்கிறார் என்று தச்சரிடமே கேட்டார்.

தச்சர் அளவு நாடாவைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டார். ரம்பத்தையும் எடுத்துக்கொண்டார். உள்ளே ஒருதரம் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"கொடி செத்த அன்னைக்கே மாப்பிள்ளைக்குச் சாவி, உனக்கு அலமாரி வேலைன்னு சொல்லித்தானே முதலாளி, ஊருக்குப் போறப்ப பெரியவர் என்னை அறுக்கச் சொல்லிட்டுப் போனார்."