கேலனுக்குப் பதினெட்டு

மைலேஜ் மேதாவி என்று மனிதர்களில் ஓர் இனம் உண்டு. நீங்கள் புது வண்டி வாங்கி, பொட்டு வைத்து, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுக்கி, வாசலில் கொண்டுவந்து நிறுத்திய மறுநிமிடம் அவர் அங்கே நிற்பார். நிறத்தைப் பார்க்க மாட்டார். உட்கார்ந்து பார்க்க மாட்டார். "இன்னா குடுக்குது?" என்பார். வண்டி என்ன, கறவை மாடா? நீங்கள் அப்பாவியாக நாற்பத்தைந்து என்பீர்கள். "எதுக்கு நாப்பத்தஞ்சி?" என்பார். மாட்டிக்கொண்டீர்கள்.

லிட்டருக்குத்தான் என்று நீங்கள் விழித்தால் போதும். "அப்ப அத ஏன் மைலேஜுன்றீங்க? அளக்கிறது கிலோமீட்டரு, பேரு மட்டும் மைலேஜா?" என்று தொடங்கி, மைலை ஒன்று புள்ளி ஆறால் பெருக்கி, கேலனை நாலரை லிட்டராக உடைத்து, அமெரிக்காக்காரன் கேலன் அதைவிடச் சின்னது என்று அவனுக்காக ஒரு பாட்டம் வருத்தப்பட்டு, வேறு சில தேசங்களில் நூறு கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் என்று தலைகீழாகக் கேட்பார்கள், அங்கே எண் கம்மியானால்தான் வண்டி உசத்தி என்று அவர் முடிப்பதற்குள், உங்கள் வீட்டில் சோறு ஆறிப்போயிருக்கும்.

இதில் ஒரு சூட்சுமம் கவனியுங்கள். உங்கள் வண்டியை அவர் லிட்டரில் அளப்பார். தன் வண்டியைக் கேலனில் அளப்பார். ஐம்பது கிலோமீட்டர் என்பதைவிட நூற்று நாற்பது மைல் என்றால் காதுக்கு எவ்வளவு குளிர்ச்சி! அந்தப் பெருமையைக் காப்பாற்ற, இறக்கம் வந்தால் இன்ஜினை அணைத்துவிட்டு மிதப்பார். ஏற்றம் வந்தால் பின்னால் உட்கார்ந்திருக்கும் மனைவியை இறங்கி நடக்கச் சொல்வார். அந்த அம்மாள் எந்த அளவையில் என்ன நினைத்துக்கொண்டாளோ, அது நமக்குத் தெரியாது.

கச்சிராயபாளையத்தில் எங்களுக்கு வாய்த்தவர் ராஜாங்கம். மலையிலிருந்து இறங்கும் கடுக்காயும் புளியும் வாங்கி விற்கும் மண்டிக்காரர். மண்டி பெயருக்குத்தான். இருப்பு முழுக்க எதிரே சாலம்மாளின் டீக்கடை பெஞ்சில். கல்வராயன் மலைக்கு ஏறி இறங்கும் மாயவனின் ஜீப் அந்த வழியாகப் போனால் அவருக்குக் கொண்டாட்டம். பட்டாளத்தில் ஏலம் விட்ட பழைய ஜீப் அது. மீட்டரே மைலில் ஓடும். "பதினெட்டு குடுக்குதுன்றானே, அது கேலனுக்கு மைலு. லிட்டருக்கு இல்ல. தெரிஞ்சிக்க!" என்று அந்த ஜீப்பைக் காட்டி அவர் பாடம் நடத்தாத ஆள் ஊரில் இல்லை.

எண்பத்தேழில், இட ஒதுக்கீடு கேட்டு சாலை மறியல் நடந்த வாரம். கள்ளக்குறிச்சி ரோட்டில் புளியமரங்கள் குறுக்கே கிடந்தன. பஸ் கிடையாது. பெட்ரோல் பங்க் திறக்கவில்லை. அன்று காலையில் மாயவனின் ஜீப் மலையிலிருந்து இறங்கி டீக்கடை முன்னால் நின்றது. உள்ளே வெள்ளச்சி என்கிற பெண், பிரசவ வேதனையில் சுருண்டு கிடந்தாள். பிள்ளை குறுக்கே கிடக்கிறது, இனி பெரியாஸ்பத்திரிதான் என்று மலையில் சொல்லிவிட்டார்கள். மறியல் செய்தவர்களே ஓடிவந்து, ஏரிக்கரை வழியாக வண்டிப்பாதையில் சுற்றிப் போனால் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குப் போய்விடலாம், முப்பது கிலோமீட்டர் வரும் என்று வழி சொன்னார்கள். மாயவன் டேங்கில் குச்சி விட்டுப் பார்த்தான். மூன்று லிட்டர் தேறும் போலிருந்தது.

மறியல் வரும் என்று மோப்பம் பிடித்து, முன்னமே டேங்க் வழிய வழிய நிரப்பி நிறுத்தியிருந்தது ராஜாங்கத்தின் ஸ்கூட்டர். சாலம்மாள் அதைப் பார்த்தாள். "உங்க வண்டியில ரொம்பிக் கெடக்குதேங்க. டியூப்பு போட்டு ரெண்டு லிட்டரு எடுத்துக் குடுங்க. பொண்ணு துடிச்சிக்கினு கெடக்குது பாருங்க."

ராஜாங்கம் எழுந்தார். பெஞ்சின் மேல் கிடந்த ஸ்கூட்டர் சாவியை எடுத்தார். எடுத்து, மடியில் செருகிக்கொண்டார்.

"மாயவா, உன் ஜீப்பு இன்னா குடுக்குது?"

"பதினெட்டுங்க."

"மூணு லிட்டரு, மூணு பதினெட்டு அம்பத்திநாலு. வழி முப்பது. போய்ச் சேர்ந்தும் மிச்சம் கெடக்கும்டா. இன்னாத்துக்கு இன்னும் பெட்ரோலு? கெளம்பு, கெளம்பு. பேசிக்கினு நிக்காத."

பெஞ்சு முழுவதும் தலையாட்டியது. கணக்கில் அவரை மிஞ்சிப் பேச யார் இருக்கிறார்கள்? ஜீப் கிளம்பிவிட்டது.

மைல் எங்கே போயிற்று? கேலன் எங்கே போயிற்று? வருஷக்கணக்காக எங்கள் காதைத் துளைத்த அந்த ஒன்று புள்ளி ஆறு, அன்றைக்கு மட்டும் எந்தப் பொந்தில் போய் ஒளிந்துகொண்டது? பாவம், பதற்றத்தில் மறந்திருப்பார் என்று நீங்கள் சொன்னால் நீங்கள் நல்லவர். நான் சொல்ல மாட்டேன். ஊருக்குத்தான் உபதேசம். தன் டேங்க் என்று வந்ததும் மைல் கிலோமீட்டராகிவிட்டது, கேலன் லிட்டராகிவிட்டது. அந்த மனிதரை நினைத்தால் எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வருகிறது.

ஜீப் நடுவழியில் நின்றுபோனது. கரும்புக் கொல்லையில் களை எடுத்துக்கொண்டிருந்தவர்கள் சேலையில் தூளி கட்டி, மூங்கில் செருகி, வெள்ளச்சியைத் தோள் மாற்றித் தோள் மாற்றித் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

மறுநாள் சேதி டீக்கடைக்கு வந்தது. ராஜாங்கம் டீயை ஆற்றிக் குடித்தார். "பதினெட்டுன்னு சொன்னவன் அவன். மைலா கிலோமீட்டரான்னு சொன்னானா? கேலனா லிட்டரான்னு சொன்னானா? அளவு சொல்லாத நம்பரு ஒரு நம்பராங்க?" என்றார். பெஞ்சு சூடு பிடித்துக்கொண்டது. பட்டாளத்து ஜீப் என்றால் அது அமெரிக்காக் கேலன்தான் என்றார் ஒருவர். இல்லை, வெள்ளைக்காரன் கேலன் என்றார் இன்னொருவர். சிந்திய டீயில் விரலைத் தொட்டு மேஜைமேல் பெருக்கினார்கள், வகுத்தார்கள்.

இப்படிப்பட்டவர்களிடம் ஜாக்கிரதையாக இருங்கள் என்று சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். இப்போது உங்கள் மேலேயே ஒரு சந்தேகம். பதினெட்டை ஒன்று புள்ளி ஆறால் பெருக்கி நாலரையால் வகுத்தால் எவ்வளவு, மூன்று லிட்டருக்கு ஜீப் எதுவரை போயிருக்கும், சாலம்மாள் கேட்ட இரண்டு லிட்டரும் கிடைத்திருந்தால் எட்டியிருக்குமா என்று இந்நேரம் மனசுக்குள் போட்டுப் பார்த்திருப்பீர்களே? சரிதான், எட்டியிருக்கும். கணக்கில் நீங்கள் கெட்டி.

தூளியில் போனவள் என்ன ஆனாள் என்று நீங்கள் கேட்கவில்லை. இருந்தாலும் சொல்கிறேன். பெற்றவள் பிழைத்தாள். பிள்ளை பிழைக்கவில்லை.