கூரை ஒழுகவில்லை என்று நான் சொன்ன ஞாயிற்றுக்கிழமை

இலவசமாகத் தேநீர் கொடுப்பவர்களை நான் நம்புவதில்லை. தேநீரோடு பிஸ்கட்டும் கொடுத்தால் பையை நெஞ்சோடு அணைத்துக்கொள்வேன். கூடவே சூடாக வெஜிடபிள் சாப் என்கிற காய்கறி போண்டாவும் வந்தால் வாசல் எந்தப் பக்கம் என்று பார்த்து வைத்துக்கொள்வேன். கொல்கத்தாவில், கரியாஹாட்டில் ஒரு புடவைக் கடையின் மாடியில் எனக்கு இந்த மூன்றும் ஒரே தட்டில் கிடைத்தன. அங்கே சிறு சங்கங்களுக்கு மானிய விண்ணப்பம் எழுதச் சொல்லித் தந்தார்கள். கட்டணம் கிடையாது. கட்டணம் இல்லாத இடத்தில் என்னை எதற்கு உட்கார வைத்திருக்கிறார்கள் என்று முதல் ஒரு மணி நேரம் யோசித்தேன். மின்விசிறிகள் நான்கு, அவற்றில் ஓடுபவை மூன்று என்பதைத் தவிர அந்த ஒரு மணி நேரத்தில் எதுவும் என் மண்டையில் ஏறவில்லை.

நான் கார்டன் ரீச்சில் ரயில்வே கணக்குத் தணிக்கையில் இருந்து ஓய்வு பெற்றவன். பிறர் எழுதியதை நம்பாமல் இருப்பதற்காக முப்பத்தைந்து வருடம் சம்பளம் வாங்கியிருக்கிறேன். அது ஓய்வு பெற்ற மறுநாளே போய்விடுமா?

பெஹாலாவில் எங்கள் தமிழ்ச் சங்கத்துக்கு ஒரு சந்துக்குள் ஒற்றைத் தளக் கட்டடம் இருக்கிறது. மூன்று தலைமுறைக்கு முன் வந்த குமாஸ்தாக்கள் கட்டியது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அங்கே தமிழ் வகுப்பு. இருபத்து மூன்று குழந்தைகள். எல்லாரும் வீட்டில் தமிழ் பேசுவார்கள், தெருவில் வங்காளம் பேசுவார்கள், சண்டை வந்தால் இந்தியில் திட்டுவார்கள். தமிழ் எழுத்தைக் கண்ணால் பார்ப்பது அந்த வகுப்பில் மட்டும்தான். கூரையோ சல்லடை. மழைக்காலம் வந்தால் குழந்தைகள் சளியோடு வீடு திரும்பினார்கள்.

வகுப்பு நடத்துகிற சுபா, பெஹாலாவிலேயே பிறந்து வளர்ந்த பெண், ஒரு நாள் என்னிடம் வந்தாள்.

"மாமா, ஆறு பேரோட அம்மாங்க இனிமே அனுப்ப மாட்டோம்ங்கறாங்க. இந்த வருஷமும் கூரையை மாத்தலைன்னா மிச்சம் பேரும் நின்னுடுவாங்க. கிளாஸை மூடிட வேண்டியதுதான்."

எனக்குச் சுருக்கென்றது. என் மகன் வளர்ந்த காலத்தில் இப்படி ஒரு வகுப்பு கிடையாது. அவன் வங்காள நாவல்களைத் தலையணை உயரத்துக்குப் படிப்பான். தமிழில் நான் எழுதும் கடிதத்தைப் போட்டோ எடுத்து, தன் மாமனாருக்கு அனுப்பி, அவர் படித்துச் சொல்லித்தான் அப்பா என்ன எழுதியிருக்கிறார் என்று தெரிந்துகொள்வான். (அதனால் மாமனாரைப் பற்றி எதுவும் எழுத முடிவதில்லை.) இந்த இருபத்து மூன்று பேருக்கும் அந்த கதி வரக்கூடாது என்று, பொருளாளர் என்ற முறையில், நானே கரியாஹாட் புறப்பட்டேன்.

சொல்லிக்கொடுத்தவள் மௌசுமி என்ற வங்காளிப் பெண். முப்பது வயதிருக்கும். நான் எழுதிப் போன முதல் விண்ணப்பத்தைப் படித்துவிட்டு நெற்றியைத் தடவினாள்.

"மேஷோமஷாய்," என்றாள். (வங்காளிகள் சித்தப்பா ஸ்தானத்தில் இருக்கும் பெரியவரை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.) "எங்கள் சங்கம் எல்லா வகையிலும் சீராக இயங்கி வருகிறது என்று ஆரம்பித்திருக்கிறீர்களே?"

"ஆமாம். உண்மைதானே."

"சீராக இயங்கினால் உங்களுக்கு எதற்குப் பணம்?"

"குறை இருக்கிறது என்று எழுதினால் எவனாவது வந்து நோண்டுவானே அம்மா."

"நோண்டத்தான் வேண்டும் மேஷோ. குறையை எழுதுங்கள். பெருமையை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள்."

வாழ்நாள் முழுக்க அடுத்தவன் அலுவலகத்தின் குறையை எழுதியவன் நான். சொந்தக் குறையை எழுத உட்கார்ந்தபோது பேனா ஓடவில்லை. ஆனால் ஓட ஆரம்பித்த பிறகு நிற்கவும் இல்லை. ஏழு இடத்தில் ஒழுகுகிறது, ஏழு வாளி வைக்கிறோம், சங்கத்தின் கையிருப்பு மின்கட்டணத்துக்கே போதாது, உறுப்பினர்களில் பாதிப் பேர் வயதானவர்கள், மீதிப் பேர் மிகவும் வயதானவர்கள் என்று எழுதித் தள்ளினேன். மௌசுமிக்குக் கண் கலங்கியது. (அதையும் நான் நம்பவில்லை.)

"பிரமாதம். மானியம் தருகிற அறக்கட்டளையில் இருந்து ஒருவர் வந்து பார்ப்பார். எப்போது என்று சொல்ல மாட்டார்கள்" என்றாள்.

இதை நான் காதில் வாங்கினேன், மனத்தில் வாங்கவில்லை. எங்கள் ரயில்வேயில் ஆய்வுக்கு வருகிறவர் ஒரு மாதம் முன்னால் கடிதம் போடுவார். அப்போதுதானே கார் அனுப்பவும் மதியச் சாப்பாட்டுக்குச் சொல்லி வைக்கவும் முடியும்? சொல்லாமல் கொள்ளாமல் குடையோடு ஒருவர் வந்து நின்றால் அவர் ஆய்வாளர் என்று நான் எப்படி நினைப்பேன்?

இங்கே இன்னொரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். கொல்கத்தாவில் ப்ரமோட்டர் என்று ஓர் இனம் உண்டு. பழைய கட்டடத்தைக் கண்டால் மோப்பம் பிடித்து வந்து, "இது இடிகிற நிலையில் இருக்கிறதே, கொடுத்துவிடுங்கள், அடுக்குமாடி கட்டி உங்களுக்கும் கீழே ஒரு ரூம் தருகிறேன்" என்பவர்கள். எங்கள் சந்தில் அப்படி ஐந்து வீடுகள் போய்விட்டன. எங்களிடமும் மூன்று பேர் வந்துபோனார்கள். அவர்களை விரட்டுவதற்கென்று எங்கள் சங்கத்தில் ஒரு பாடம் இருந்தது. நிர்வாகக் குழுவில் உட்கார்ந்து பேசி முடிவு செய்தது. யார் வந்து கேட்டாலும், கட்டடம் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறது, சங்கத்திடம் பணம் ஏராளம், உறுப்பினர்களில் வக்கீல்கள் நிறைய என்று சொல்ல வேண்டும். அந்தப் பாடத்தை இயற்றியவன் நான்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கொட்டுகிற மழை. வகுப்புக்கு முன்னால் போய்க் கதவைத் திறந்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். ஐம்பது வயதுக்காரர் ஒருவர் குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்தார். தோல்பை. தங்க ஃபிரேம் கண்ணாடி. வணக்கம் சொல்லிவிட்டு முதலில் பார்த்தது என்னை அல்ல, கூரையை. நாலாவது ப்ரமோட்டர் என்று முடிவு கட்டினேன்.

"கட்டடத்தைப் பார்க்க வந்தேன்" என்றார் வங்காளத்தில்.

"எல்லாரும் அதற்குத்தான் வருகிறார்கள்" என்றேன் நானும் வங்காளத்தில்.

பையில் இருந்து ஒரு கார்டை எடுத்து நீட்டினார். "கார்டெல்லாம் வேண்டாம். வீட்டில் ஏற்கெனவே மூன்று இருக்கிறது" என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். அவர் ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுக் கார்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். பிறகு ஒரு சின்னக் கருவியை எடுத்தார். அதிலிருந்து சிவப்புப் புள்ளி ஒன்று கிளம்பிச் சுவரில் போய் நின்றது. அளவு எடுக்கிறார்.

"இடம் எத்தனை காட்டா இருக்கும்?"

காட்டா என்பது இங்கே நிலத்தை அளக்கிற கணக்கு. ப்ரமோட்டரைத் தவிர வேறு யாருக்கு அந்தக் கவலை?

"அளந்ததில்லை" என்றேன். (இரண்டே கால் காட்டா. தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன்.)

"பத்திரம் யார் பெயரில்?"

"வக்கீல்கள் பெயரில். எங்கள் உறுப்பினர்களில் நிறைய வக்கீல்கள்."

"அப்படியா?" புருவத்தை உயர்த்திக் குறித்துக்கொண்டார். "கூரை எப்படி?"

"கல்லுக்குண்டு. இன்னும் நூறு வருடம் நிற்கும்."

"ஒழுகாதா?"

"ஒரு சொட்டுகூட."

சொல்லி முடிக்கவில்லை. அவருடைய வழுக்கைத் தலையின் நடு மையத்தில் பொட்டென்று ஒரு சொட்டு விழுந்தது. அவர் தலையைத் தொட்டு, விரலைப் பார்த்து, பிறகு என்னைப் பார்த்தார்.

"இது?"

"ஏசி தண்ணீர்."

"ஏசி எங்கே?"

"சர்வீஸுக்குப் போயிருக்கிறது."

அதையும் குறித்துக்கொண்டார். என் இளமைக் காலத்தில் நானும் இப்படித்தான் முகத்தில் ஒன்றும் காட்டாமல் குறித்துக்கொள்வேன் என்பது அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

"சங்கத்துக்கு நிதி நெருக்கடி ஏதாவது?"

"வங்கியில் நிறையப் போட்டு வைத்திருக்கிறோம். என்ன செய்வதென்றுதான் தெரியவில்லை."

இந்தச் சமயம் பார்த்துக் குழந்தைகள் வந்துசேர்ந்தார்கள். வந்தவர்கள் சும்மா உட்கார்ந்திருக்கக் கூடாதா? வாடிக்கைப்படி மூலையில் இருந்த வாளிகளை ஆளுக்கொன்றாக எடுத்தார்கள். எந்த வாளி எந்த இடத்துக்கு என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஆறு வாளிகள் அதனதன் இடத்தில் போய் உட்கார்ந்தன. ஒரு பெண் குழந்தை மட்டும் ஏழாவது பச்சை வாளியோடு அவர் முன்னால் நின்று வங்காளத்தில் சொன்னாள்.

"காகு, கொஞ்சம் நகருங்க. என் வாளி இடத்துல நிக்கறீங்க."

அவர் மரியாதையாக நகர்ந்தார். வாளி வைக்கப்பட்டது. டொக் டொக்கென்று ஏழு பக்கமும் சத்தம் கிளம்பியது. அவர் மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

"ஜலதரங்க வகுப்பு" என்றேன்.

என் வாயில் இருந்துதான் அது வந்தது. இன்றுவரை என்னால் நம்ப முடியவில்லை.

"எந்த ராகம்?" என்றார் அவர். முகத்தில் ஒரு தசை அசையவில்லை.

அப்போது சுபா நனைந்துகொண்டே உள்ளே ஓடி வந்தாள். "மாமா, மௌசுமி தீதி போன் பண்ணினாங்க. டிரஸ்ட்லேருந்து ஒருத்தர் இன்னிக்கு வரலாமாம். சன்யால்னு பேராம். வந்தா எல்லாத்தையும் நல்லா காட்டுங்க, முக்கியமா கூரையைன்னு சொன்னாங்க."

தங்க ஃபிரேம்காரர் தமிழ் புரியாவிட்டாலும் தன் பெயரைப் புரிந்துகொண்டு தலையசைத்தார். பைக்குள் போன கார்டு மறுபடி வெளியே வந்தது. இந்த முறை வாங்கிக்கொண்டேன்.

சுபா என்னைப் பார்த்தாள். "என்ன சொன்னீங்க மாமா?"

"பாடத்தைச் சொன்னேன்."

"ஷொர்போநாஷ்" என்றாள் மெல்லிய குரலில். சர்வநாசத்தை வங்காளிகள் அப்படித்தான் சொல்வார்கள். தமிழ் டீச்சருக்கும் அந்த நேரத்தில் அதுதான் வந்தது.

நான் சன்யால் பாபுவிடம் ப்ரமோட்டர் கதையெல்லாம் சொன்னேன். வாளிகளைக் காட்டினேன். ஸ்டூலில் ஏறிக் கூரையின் விரிசலுக்குள் குடைக் கம்பியை விட்டுக்கூடக் காட்டினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"கண்ணால் பார்க்கிறேன், ஒழுகுகிறது. ஆனால் பணம் ஏராளம் என்று பொருளாளரே சொல்லியிருக்கிறார். விண்ணப்பத்தில் இல்லை என்று எழுதியிருப்பவரும் அவர்தான். எதை நம்புவது? நீங்கள் தணிக்கையில் இருந்தவர் என்று எழுதியிருக்கிறீர்கள். என் இடத்தில் இருந்தால் என்ன செய்வீர்கள்?"

என்ன செய்வேன் என்பது எனக்கு நன்றாகவே தெரியும். கோப்பை மூடிவிடுவேன். பிறகு டீ குடிக்கப் போவேன்.

அதையேதான் அவரும் செய்தார். துர்கா பூஜைக்கு முன்னால் கடிதம் வந்தது. நிதிவளம் மிக்க எங்கள் சங்கத்துக்கு வாழ்த்துச் சொல்லியிருந்தார்கள்.

வகுப்பை மூட விடக்கூடாது என்று சுபா கையைப் பிசைந்தாள். குற்றவாளியின் வீட்டிலேயே நடத்துவது என்று தீர்ப்பாயிற்று. ஆறு பேர் நின்றுபோக, இரண்டு அறைக் குடியிருப்பில் மிச்சம் பதினேழு குழந்தைகள். கட்டில் மேல் அரிச்சுவடி, கட்டிலுக்குக் கீழே மெய்யெழுத்து, சமையலறையில் ஆத்திரமாக என் மனைவி ராஜம்.

"ஏங்க, வந்தவர் ஒரு கார்டு குடுத்தா வாங்கிப் பாக்கறதுக்கு என்னங்க? கடிச்சா வெச்சுடும்?"

"நம்பிக்கை இல்லாம எப்படி வாங்கறது?"

"கல்யாணத்தப்ப எங்கப்பா குடுத்த மோதிரத்தையும் இப்படித்தான் உரசிப் பாத்துட்டு வாங்கினீங்க."

அடுத்த ஆண்டு மறுபடி கரியாஹாட். மௌசுமி பாடம் நடத்தும்போது என்னை எழுந்து நிற்கச் சொன்னாள். எதைச் செய்யக்கூடாது என்பதற்கு உதாரணமாம். விண்ணப்பத்தை இந்த முறை சுபா எழுதினாள். அதன் மூன்றாவது வரி: "எங்கள் பொருளாளர் சென்ற ஆண்டு கூறியதற்கு மாறாக, கூரை ஒழுகுகிறது." அதன் கீழே நான் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது.

சன்யால் பாபு மறுபடி மழையில் வந்தார். நான் வாய் திறக்கக்கூடாது என்று நிர்வாகக் குழு தீர்மானமே போட்டிருந்தது. அதனால் சங்கக் கூடத்தின் நடுவில் நாற்காலி போட்டு, குடையை விரித்துக்கொண்டு, உம்மென்று உட்கார்ந்திருந்தேன். அவர் வாளிகளைப் படம் எடுத்தார். என்னையும் எடுத்தார். ஒரு தாளை நீட்டினார். எதற்கு என்று கேட்கத்தான் வாய் இல்லையே, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். என் வாழ்க்கையில் படிக்காமல் போட்ட ஒரே கையெழுத்து.

பணம் வந்தது. கூரையும் வந்தது. நின்றுபோன ஆறு பேரில் ஐந்து பேர் திரும்பி வந்தார்கள். (ஆறாவது குழந்தையின் அப்பாவுக்கு ஜாம்ஷெட்பூருக்கு மாற்றலாகிவிட்டது. விசாரித்தேன், உண்மைதான்.)

கூடவே அறக்கட்டளையின் ஆண்டு மலரும் வந்தது. அட்டையைத் திருப்பினால் முழுப் பக்கத்துக்கு நான். படிக்காமல் கையெழுத்துப் போட்ட தாள் இதற்கான சம்மதமாம். கையில் குடை, தலைக்கு மேல் ஒழுகும் கூரை, உலகத்தில் யாருமே இல்லாதவன் மாதிரி ஒரு முகம். கீழே ஆங்கிலத்தில் எழுதியிருந்ததைச் சுபா தமிழாக்கி, பெரிய எழுத்தில் அச்சிட்டு, படத்தோடு வகுப்பறைச் சுவரில் ஒட்டிவிட்டாள்: "பயனாளி. தலைக்கு மேல் கூரையின்றித் தவித்தவர்."

மலர் எப்படியோ சென்னைவரை போயிற்று. தாம்பரத்தில் இருக்கும் மைத்துனர் அலறியடித்துப் போன் செய்து, அக்காவுக்கு ஏதாவது அனுப்பட்டுமா என்று கேட்டார். ராஜம் பெரிய மனது வைத்து ஒரு மிக்ஸி போதும் என்றாள். அன்றிலிருந்து வீட்டில் எனக்குப் பெயர் கிடையாது. "பயனாளி, காபி ஆறுது." "பயனாளி, குளிச்சாச்சா?" பெங்களூரில் இருந்து மகன் போன் செய்தாலும் பயனாளியிடம் கொடு என்றுதான் சொல்கிறான். அந்த ஒரு சொல்லை மட்டும் தமிழிலேயே எழுதவும் கற்றுக்கொண்டுவிட்டான்.

வகுப்பில் புதிதாகச் சேரும் குழந்தை எழுத்துக்கூட்டிப் படிக்கிற முதல் சொல்லும் அதுதான், சுவரில் பெரிதாக இருப்பதால். ப, ய, னா, ளி என்று படித்துவிட்டு, படத்தைப் பார்த்துவிட்டு, மூலையில் உட்கார்ந்திருக்கும் என்னைப் பார்க்கும். போன வாரம் சேர்ந்த ஒரு சின்னப் பெண் நேராக என்னிடமே வந்துவிட்டாள்.

"தாத்தா, இப்ப உங்களுக்கு வீடு கிடைச்சிடுச்சா?"

"கிடைச்சிடுச்சும்மா. எப்பவோ கிடைச்சிடுச்சு."

அவள் என் செருப்பைப் பார்த்தாள், சட்டையைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள். ஒரு வார்த்தையும் நம்பவில்லை. தன் பிஸ்கட்டில் பாதியை ஒடித்து என் கையில் வைத்துவிட்டுப் போனாள்.