ஸ்பானர் காக்காவும் ஒரு துண்டுக் கரியும்

இரண்டாம் உலக யுத்த காலத்தில் திருகோணமலையில் இருந்த வாகனங்களில் பாதி பிரித்தானிய அரசாங்கத்துக்குச் சொந்தம். மீதிப் பாதி ஸ்பானர் காக்காவின் சட்டைப் பைகளுக்குள் இருந்தது.

மிகைப்படுத்துகிறேன் என்று நினைப்பவர்கள் அந்தச் சட்டையைப் பார்க்காதவர்கள். முன்னால் நாலு பை, பின்னால் இரண்டு, உள்பக்கம் ஐந்து. ஒவ்வொன்றிலும் ஆணி, ஆணிக்குப் போடும் சுரை, வாஷர், வயர்த் துண்டு, எந்த வண்டியில் எந்தக் காலத்தில் இருந்ததென்று அவருக்கு மட்டுமே தெரிந்த சில்லறைச் சாமான்கள். அவர் வீதியில் திரும்பினால் சலங்கை கட்டிய மாடு வருவதுபோல் முதலில் சத்தம் வரும், பிறகுதான் ஆள் வருவார்.

அவர் ஊர் கிண்ணியா. அங்கே அண்ணனைக் காக்கா என்பார்கள். சொந்தப் பெயர் என்னவென்று நான் கேட்டதில்லை. கேட்டவர்களுக்கும் அவர் சொன்னதில்லை.

நான் அப்போது பட்டணத்து ஆசுபத்திரியில் மருத்துவிச்சி. இருபத்தாறு வயது. பிள்ளைப்பேற்று வீடுகளுக்கு என்னை ஏற்றிக்கொண்டு போனது காக்காவின் கார்தான். வேறு வாடகைக் கார் கிடையாது. நல்ல கார்களையெல்லாம் பட்டாளம் ஒரு கடதாசியைக் காட்டி எடுத்துக்கொண்டு போய்விட்டது. காக்காவின் காரை எடுக்கவும் ஒரு அதிகாரி வந்தார். சுற்றி ஒருமுறை நடந்தார், சிரித்தார், போய்விட்டார். காக்கா ஒரு கிழமை சரியாகச் சாப்பிடவில்லை.

"சிரிக்கிற அளவுக்கு எங்கட மச்சிக்கு என்ன குறை, மிஸ்ஸி?" என்று என்னிடம் கேட்டார். மச்சி என்பது காரின் பெயர். என் போன்ற ஆசுபத்திரிப் பெண்கள் எல்லோரும் அவருக்கு மிஸ்ஸி.

குறை என்று ஒன்றைத் தனியாகச் சொல்ல ஏலாது. பித்தளை விளக்கு வைத்த, கன்வஸ் கூடாரம் போட்ட, முதலாம் யுத்தத்துக்கு முந்திய வண்டி அது. அதில் ஏழு வண்டிகளின் உறுப்புகள் இருந்தன. முன் சில்லு இரண்டும் ஒன்றையொன்று முன்பின் தெரியாதவை. இடது கதவு திறக்காது. வலது கதவு மூடாது. ஆனால் ஓடும். காக்கா கைபிடியைச் சுழற்றி, "எழும்பும் மச்சி, ஒரு புள்ள வருது" என்று சொன்னால் அது இருமிக்கொண்டு எழும்பும்.

அதற்கு வேண்டிய சாமான்கள் உலகத்தில் எந்தக் கடையிலும் இல்லை. இருந்த ஒரே இடம் கண்டி வீதியில், உட்துறைமுகக் கரையோரம், முள்ளுக்கம்பி அடித்த பட்டாளத்துப் பழைய இரும்பு யார்ட். உடைந்த லொறிகளும், தேயிலைத் தோட்டத்துத் துரைமாரிடம் எடுத்து ஓட்டிக் கெடுத்த பழைய கார்களும் அங்கே மலைபோல் கிடந்தன. மற்றவர்களுக்கு அது குப்பை. காக்கா அதை மையவாடி என்றுதான் சொல்வார். அடக்கம் செய்யும் இடத்துக்கு அவர்கள் ஊரில் அதுதான் பேர்.

உள்ளே போகும் விதமும் அதற்கேற்றதுதான். கம்பிக்குக் கீழே தவழ்ந்து போவார். செத்த காரின் முன்னால் நின்று சலாம் சொல்வார். அதன் மூக்கில் கை வைத்து, "ஒரு சுரை எடுக்கிறன், குறை நினைக்காத" என்று அனுமதி கேட்பார். கழற்றிய இடத்தில் தன் பையிலிருந்து வேறொரு சுரையை மாட்டிவிட்டுத்தான் வருவார்.

"இது களவில்ல மிஸ்ஸி, மாத்தம்."

யார்ட்டுக்குப் பொறுப்பாயிருந்த வெள்ளைக்கார சார்ஜனுக்கு இந்த வித்தியாசம் விளங்கவில்லை. வெயிலில் வெந்து சிவந்த அந்த மனிதருக்குக் காக்கா வைத்த பெயர் செவ்விளனி. செவ்விளனி அவரை முதல்முறை பிடித்தபோது பிடரியில் பிடித்துத் தள்ளினார். இரண்டாம் முறை எண்ணெய்ப் பீப்பாவின் மேல் ஒரு பகல் முழுக்க வெயிலில் இருத்தினார். காக்கா அந்தப் பகல் முழுக்க அவருக்குத் தமிழில் நியாயம் சொன்னாராம். மூன்றாம் முறை சார்ஜன் ஒரு தமிழ்ப் பியோனைக் கூப்பிட்டுச் சொல்ல வைத்தார்: "இனி உள்ளே கண்டால் மறியலில் அடைப்பேன். ஓடினால் சுடுவேன்."

துறைமுகத்தில் ஜப்பான்காரனின் குண்டுகள் விழுந்து சில கிழமைகள் ஆகியிருந்தன. பட்டணத்தில் முக்கால்வாசி வீடு பூட்டு. டொக்டரும் சத்திரசிகிச்சைச் சாமான்களும் தம்பலகாமத்தில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு மாறிவிட்டார்கள். நானும் இன்னும் இரண்டு பேரும் மட்டும் பட்டணத்தில் நின்றோம்.

அப்படி ஒரு காலை, சல்லியிலிருந்து வேலாயுதம் என்ற மீன்பிடிகாரன் ஓடி வந்தான். மனைவி பாக்கியத்துக்கு வலி. காக்காவோடு போய்ப் பார்த்தேன். வயிற்றில் கை வைத்ததும் தெரிந்துவிட்டது. பிள்ளை குறுக்கே கிடந்தது. பன்னீர்க்குடம் இன்னும் உடையவில்லை. உடைந்து பிள்ளையின் கை கீழே இறங்கினால் தாயும் இல்லை, பிள்ளையும் இல்லை. என்னால் ஒன்றும் செய்ய ஏலாது, டொக்டர் வேண்டும்.

"தம்பலகாமத்துக்கு, காக்கா. கெதியா. ஆனால் குலுக்காமல்."

"ரெண்டையும் ஒண்டாக் கேக்கிறீங்களே மிஸ்ஸி" என்றார். ஆனால் செய்தார். ஒவ்வொரு குழிக்கும் முன்னால் மச்சியிடம் கெஞ்சிக் கெஞ்சி ஓட்டினார். பின் ஆசனத்தில் பாக்கியத்தின் தலை என் மடியில். வேலாயுதம் திறக்காத கதவின் படியில் தொற்றிக்கொண்டு வந்தான்.

பட்டணம் தாண்டி உட்துறைமுகத்தை ஒட்டிய வளைவில் மச்சி ஒருமுறை வெடித்தது. பிறகு நின்றுவிட்டது.

காக்கா மூடியைத் திறந்து, பிளக்குக்குப் பொறி கொடுக்கிற மக்னட்டோ என்ற பெட்டியைக் கழற்றிப் பார்த்தார். அவர் முகம் சாம்பல் நிறமானது.

"கரி உடைஞ்சி போச்சு."

"என்ன கரி?"

சுண்டுவிரல் நகத்தின் நீளத்தில், பென்சில் கூர்போல ஒரு கரித்துண்டு. அது தூளாகிக் கிடந்தது. அது இல்லாவிட்டால் பொறி இல்லை. காக்கா பதினொரு பைகளையும் தடவினார். உலகத்திலுள்ள மற்றெல்லாம் இருந்தன.

"மையவாடியில ஒரு துரைட கார் கிடக்குது. மச்சிட சொந்தக்காரி. அவளுக்கிட்ட இரிக்கும்" என்றார். பார்த்தால், நாங்கள் நின்ற இடத்துக்கும் யார்ட்டின் கம்பிக்கும் முப்பது முழம்கூட இல்லை.

"சுடுவன் எண்டவன் எல்லோ, காக்கா?"

"ஓடினாத்தானே சுடுவன் எண்டவன்? நான் தவழப் போறன்."

பாக்கியம் என் கையை நெரித்தாள். வலி நெருங்கி நெருங்கி வந்தது. வேலாயுதத்தை அவளோடு இருத்திவிட்டு நானும் போனேன். ஏன் போனேன் என்று இன்றைக்கும் தெரியாது. வெள்ளைச் சேலையோடு முள்ளுக்கம்பிக்குக் கீழே தவழ்ந்த மருத்துவிச்சி இலங்கையில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

துரையின் கார் கிடந்த கோலத்தைப் பார்த்ததும் திரும்பிவிடலாம் என்று நினைத்தேன். அதன் மேல் ஒரு எரிந்த லொறி சரிந்து நின்றது. ஒரு மரக்கட்டைதான் லொறியைத் தாங்கியிருந்தது. காற்றுக்கு அது கிறீச்சிட்டது.

காக்கா காரின் முன்னால் நின்று சலாம் சொல்லத் தொடங்கினார்.

"காக்கா! போதும், கேட்டது காணும், கழட்டுங்கோ!"

"கேக்காம எடுக்க ஏலா மிஸ்ஸி" என்று கேட்டு முடித்துவிட்டுத்தான் மல்லாந்து உள்ளே நுழைந்தார். கால் இரண்டும் மட்டும் வெளியே. நான் மரக்கட்டையை இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்தேன். ஒரு லொறியை நான் தாங்கிவிடுவேன் என்ற நம்பிக்கையில் அல்ல. சும்மா நிற்க முடியவில்லை.

அப்போதுதான் சங்கு ஊதியது.

விமான எச்சரிக்கைச் சங்கு. யார்ட்டில் நின்றவர்கள் எல்லோரும் பதுங்குகுழிகளுக்கு ஓடினார்கள். வீதியில் பாக்கியம் அலறினாள். துறைமுகத்துப் பீரங்கிகள் திரும்பும் சத்தம் கேட்டது. எங்கோ உயரத்தில் ஒற்றை விமானம் இரைந்தது.

"காக்கா, வாங்கோ வெளியில!"

"ஒரு புரிதான் கழட்டக் கிடக்குது!"

"விட்டுட்டு வாங்கோ!"

உள்ளே துணியும் இரும்பும் உரசின. பிறகு, "வந்தா வரலாம் மிஸ்ஸி. சட்டை கொளுவிப் போட்டுது" என்று ஒரு சின்னக் குரல் வந்தது. பதினொரு பையும் பதினொரு இரும்பில் மாட்டியிருந்தன.

குழிக்கு ஓடிக்கொண்டிருந்த செவ்விளனி எங்களைக் கண்டார். துவக்கைத் தூக்கிக்கொண்டு கத்தியபடி வந்தார். லொறியைப் பார்த்தார். கட்டையைப் பார்த்தார். கட்டை என் கைக்குள்ளேயே பிளக்கத் தொடங்கியிருந்தது. துவக்கை எறிந்துவிட்டுக் காக்காவின் கால் இரண்டையும் பிடித்து ஓர் இழுவை இழுத்தார்.

சட்டை உள்ளேயே நின்றுவிட்டது. காக்கா மட்டும் வெளியே வந்தார். நான் கட்டையை விட்டுப் பின்னால் விழுந்தேன். லொறி இறங்கியது. காக்காவின் தலை கிடந்த இடத்தில் அதன் இரும்புச் சட்டம் ஒரு முழம் புதைந்தது.

புழுதி அடங்கும்வரை மூன்று பேரும் நிலத்தில் இருந்தோம். அதற்குள் அந்த விமானமும் தலைக்கு மேலால் போய்விட்டது; அது எங்கள் பக்கத்து விமானம்தான்.

சார்ஜன் எழும்பி, துவக்கை எடுத்துக்கொண்டு, "என்ன எடுத்தான்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். காக்கா வெறும் கைகளை விரித்துக் காட்டினார். மேலில் துணியில்லை, பை ஒன்றும் இல்லை.

"வாயைத் திறந்து பதில் சொல்லச் சொல்."

காக்கா என்னைப் பார்த்தார். கன்னத்தின் ஒரு பக்கம் சற்றே புடைத்திருந்தது. எனக்கு விளங்கிவிட்டது.

"அவருக்குப் பேச வராது, சேர்" என்றேன்.

சார்ஜன் என்னை நீண்ட நேரம் பார்த்தார். ஒரு பகல் முழுக்கப் பீப்பாவின் மேலிருந்து இந்த மனிதர் பேசிய பேச்சைக் கேட்டவர் அவர்.

வீதியிலிருந்து பாக்கியத்தின் குரல் மறுபடி வந்தது. சார்ஜன் அந்தப் பக்கம் திரும்பினார். கன்வஸ் கூடாரத்தையும், முழந்தாளிட்டு அழுதுகொண்டிருந்த வேலாயுதத்தையும், புழுதி பிடித்த என் வெள்ளைச் சேலையையும் பார்த்தார்.

"கேற் வழியால் போங்கள். வெளியே போனதும் அவனுக்குப் பேச்சு வந்துவிடும் என்று நினைக்கிறேன்" என்றார்.

கேற்றைத் தாண்டியதும் காக்கா என் உள்ளங்கையில் கரியைத் துப்பினார்.

"நனைஞ்சா பொறி வராது மிஸ்ஸி!"

என் பையிலிருந்த ஸ்பிரிட்டால் அதைக் கழுவி, பஞ்சால் ஒற்றி, ஊதி ஊதிக் காய வைத்தேன். எத்தனையோ பிள்ளைகளின் தொப்புள்கொடியைத் துடைத்த கை; அவ்வளவு கவனமாக ஒன்றையும் துடைத்ததில்லை. காக்கா மாட்டினார். கைபிடியை மூன்று முறை சுழற்றினார். நாலாம் முறை மச்சி எழும்பியது.

தம்பலகாமத்துப் பள்ளிக்கூட வாசலில் பன்னீர்க்குடம் உடைந்தது. டொக்டர் மயக்க மருந்து கொடுத்துப் பிள்ளையைத் திருப்பி எடுத்தார். பெண் பிள்ளை. நீலமாக இருந்தது, அழவில்லை. நான் காலில் பிடித்துத் தட்டினேன், வாயைத் துடைத்தேன், திரும்பத் தட்டினேன். அழுதது. வெளியே வாங்குப் பலகையில் மேற்சட்டை இல்லாமல் இருந்த காக்காவும் அழுதார். தாயும் பிழைத்தாள்.

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். காக்காவைப்போல ஒரு மனிதர் அதற்கு விடமாட்டார்.

அடுத்த நாள் காலை அவர் நேராக யார்ட் கேற்றுக்குப் போனார். கையில் ஒரு பித்தளைச் சுரை. செவ்விளனியிடம் போய், எடுத்தது நான்தான், கேட்டுத்தான் எடுத்தேன், மாத்தத்துக்கு இதை வைத்துக்கொள்ளுங்கள் என்று சைகையிலும் தமிழிலும் உரத்துச் சொன்னார். சார்ஜன் உதட்டில் விரலை வைத்து "உஷ்! உஷ்!" என்று தவித்தாராம். பக்கத்தில் பெரிய அதிகாரி ஒருவர் நின்றார். காக்கா நிறுத்தவில்லை. அதிகாரி பியோனைக் கூப்பிட்டு மொழிபெயர்க்கச் சொன்னார். பதினாலு நாள் மறியலில் போட்டார்கள்.

கேள்விப்பட்டதும் எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. மறியல் கம்பிக்கு வெளியே நின்று கத்தினேன்.

"உங்களுக்கென்ன விசரா, காக்கா? அவனே விட்டவன். யார் உங்களைப் போய்ச் சொல்லச் சொன்னது?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"என்னால ஒங்கட வாயில ஒரு பொய் வந்திட்டுது மிஸ்ஸி. நல்ல வாய் அது. ராவு முழுக்க நித்திரை வரல்ல."

உடனே அவரே பேச்சை மாற்றினார். மச்சிக்குத் தார்ப்பாய் போட்டதா? பித்தளை விளக்கைத் துடைத்ததா? பிள்ளை பால் குடிக்கிறதா? இந்த ஒழுங்கில்தான் கேட்டார்.

அந்தப் பதினாலு நாளும் நான் பிரசவங்களுக்கு மாட்டு வண்டியில் போனேன். ஒவ்வொரு நாளும் வழியில் ஒருமுறையாவது அவரைத் திட்டினேன்.

விடுதலையாகும் நாளில் அவர் காலை பத்து மணிக்கு வெளியே வந்தார். யாரோ கொடுத்த சட்டை. ஒரே ஒரு பை, அதுவும் வெறும் பை. கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார். என்னைக் கண்டதும் திடுக்கிட்டார்.

"என்ன மிஸ்ஸி, இஞ்ச? யாருக்கும் சுகமில்லையா?"

"இல்லை, இந்தப் பக்கமாப் போக வந்தனான்" என்றேன்.

விடிந்ததிலிருந்து சோற்றுப் பார்சலோடு அந்த மதிலடியில் நின்றதை நான் அவருக்குக் கடைசிவரை சொல்லவேயில்லை.