நாற்பதாம் வரி

வீட்டில் ஒரே ஒரு முடிவையாவது தானே எடுப்பது என்று அம்பிகைபாகன் கங்கணம் கட்டிக்கொண்டார். போரால் மூடிக்கிடந்த யாழ்ப்பாணப் பாதை திறந்தாகிவிட்டது. அங்கிருக்கும் மாமியார் எந்த நேரமும் பேராதனைக்கு வந்து இறங்கலாம். வந்தால் ஹந்தானை மலையைப் பார்த்திருக்கும் சின்ன அறை பறிபோகும். புதுக் கம்பியூட்டரோடு அவர் எங்கே போவார்?

பன்னிரண்டு வருஷத்தில் வாய்ப்பேச்சில் மனைவி கமலாசனியை அவர் ஒருமுறையும் வென்றதில்லை. ஆகவே எக்செல்லில் இறங்கினார். வரிக்கொரு தீர்மானம், பக்கத்தில் இருவருக்கும் ஒவ்வொரு கட்டம், கடைசியில் முடிவு.

"நான் ஒண்டும் எழுதாட்டில்?"

"அதுதான் கமலா முக்கியம். வெறும் கட்டத்தைக் கம்பியூட்டர் தன்ரை பாட்டிலை பூச்சியமாக்கிப்போடும். பூச்சியம் வேறை, வெறுமை வேறை. அதாலை சூத்திரத்திலை வடிவாய்ச் சொல்லிப்போட்டன். பதினாலு நாள் வெறுமையாய்க் கிடந்தால், ஆட்சேபணை இல்லை."

"ஆர் சொன்னது?"

"எங்கடை கந்தோரிலை இருபது வருஷமாய் அதுதான் வழமை."

"உங்கடை கட்டத்துக்கும் அதேதானோ?"

"சூத்திரத்துக்கு ஆண் பெண் தெரியாதப்பா."

"ஓம். நல்லது."

கமலாசனி இவ்வளவு லேசில் ஒத்துக்கொண்டால் வேறு யாருக்கும் சந்தேகம் வந்திருக்கும். இவருக்குப் பசிதான் எடுத்தது. முதல் வரியில், 'சின்ன அறை விருந்தினருக்கு இல்லை' என்று தட்டிவிட்டுச் சாப்பிடப் போனார்.

தினமும் கந்தோர் வேலை முடிந்து வந்ததும் முதல் வேலை அவளுடைய கட்டத்தைப் பார்ப்பதுதான். வெறுமை. பதின்மூன்றாம் நாளும் வெறுமை. அன்றைக்கு இரண்டாம் முறை சோறு போட்டுச் சாப்பிட்டார்.

பதினைந்தாம் நாள் திறந்தார். அவளுடைய கட்டத்தில், நேற்றைய திகதியோடு, 'ஆட்சேபணை உண்டு.'

"கமலா! கடைசி நாளிலையோ எழுதுறது?"

"கடைசி நாளும் நாள்தானே. கொஞ்சம் கீழை போய்ப் பாருங்கோ."

போனார். திரைக்குக் கீழே, அவர் ஒருநாளும் எட்டிப் பார்த்திராத நாற்பதாம் வரியில், 'அம்மாவுக்குச் சின்ன அறை.' அவருடைய கட்டம் வெறுமை. முடிவு, ஆட்சேபணை இல்லை.

"இது எப்ப எழுதினது?"

"நீங்கள் முதல் வரியை எழுதிப்போட்டுச் சாப்பிடேக்கை."

"அங்கை போய் எழுதினால் எனக்கு எப்பிடித் தெரியும்?"

"பதில் போடாத ஆக்கள் இப்பிடிச் சொன்னால் உங்கடை கந்தோரிலை கேப்பினமோ?"

அம்பிகைபாகன் ஆவேசமாய்த் தன் கட்டத்தில் எழுதப் போனார். கமலாசனி மணிக்கூட்டைப் பார்த்தாள்.

"தவணை நேற்றோடை முடிஞ்சுது. எழும்புங்கோ. கண்டி பஸ் நிலையத்திலை அம்மா நிக்கிறா, பெட்டி தூக்க நீங்கள் போறியள். நாற்பத்தோராம் வரி. அதுக்கும் உங்களுக்கு ஆட்சேபணை இல்லை."